சமைப்பவரே நடத்தும் சிறிய இத்தாலிய மீன் உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: எல்லைப்பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

களியக்காவிளைக்குத் தெற்கே இருக்கும் நம்மவர்கள் மீனுக்குப் புதியவர்கள் இல்லை. மார்த்தாண்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் வளர்ந்த எவருக்கும், நல்ல நெய்மீன் எது, ஐஸில் கிடந்து வாடியது எது என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லத் தெரியும். ஆயினும் கோவளம், வர்க்கலை போன்ற கடற்கரைகளில், சமைப்பவரே உரிமையாளராக இருந்து ஆறேழு மேசைகளை மட்டும் போட்டு நடத்தும் இத்தாலிய மீன் உணவகத்துக்கு முதன்முறை செல்லும்போது இதே ஆட்கள் தடுமாறுவதை உடனிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு சொல்வது என்ற வரிசை தெரியாததே அதற்குக் காரணம்.

கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நிலைமைதான் இருக்கிறது. அத்தகைய இடத்தில் இரவு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணி, அந்த அளவுக்கே காலையில் மீன் வாங்குகிறார்கள். மாலையில் ஒரே ஒருவர் அடுப்பின் முன் நின்று எல்லா மேசைகளுக்கும் சமைக்கிறார்.

1. மாதத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. கேரளத்தில் அது ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் நீடிக்கிறது. இந்தக் காலத்தில் மீனே இருக்காது என்று எண்ணிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கேரளத்தில் வள்ளங்களுக்குத் தடை கிடையாது; விழிஞ்ஞம் இயற்கையாக அமைந்த ஒதுக்கமான துறை என்பதால் மற்ற கரைகளில் கடலில் இறங்க முடியாத மழைநாட்களிலும் அங்கிருந்து வள்ளங்கள் போகின்றன.

மாறுவது மீனின் வகை. தடைக்காலத்தில் சாளை, நெத்தோலி, அயிலை, கணவாய் ஆகியவற்றையே எதிர்பார்த்துச் செல்ல வேண்டும். இத்தாலியச் சமையலில் இவை ஏழைகளின் மீனாக இருந்து சிறப்புப் பெற்றவை. வெனிஸில் சாளையைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்திலும் வினிகரிலும் ஊறவைத்துச் செய்யும் ‘சார்தே இன் சாவோர்’ நம் ஊர் மீன் ஊறுகாயை விரும்புபவர்களுக்கு உடனே பிடித்துவிடும். சிசிலியில் சாளையோடு காட்டுச் சோம்புக்கீரை சேர்த்துச் செய்யும் பாஸ்தாவும் அப்படியே.

பாறைகளில் மூழ்கி எடுக்கும் சிப்பி வேண்டுமானால், மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு செல்லுங்கள். கலங்கிய கடலில் மூழ்குபவர்களுக்குப் பாறை தெரியாது. சிப்பியும் மணல் கலந்து வரும். “சிப்பி இருக்கிறது என்று சொன்னார்களே” என்ற ஏமாற்றத்தோடு ஜூலையில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மது விற்பனை இல்லாத நாள். உணவோடு ஒரு கோப்பை வெள்ளை ஒயின் வேண்டும் என்பவர்கள் அந்தத் தேதியைத் தவிர்த்துவிடலாம்.

2. தொலைபேசியில் இந்த வரிசையில் பேசுங்கள்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்குமேல் இந்த அழைப்பில்தான் பிறக்கின்றன. எனவே இதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். குறைந்தது இரண்டு நாளுக்கு முன்னால், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் அழையுங்கள். காலையில் சமைப்பவர் கரையில் ஏலத்தில் நிற்பார் அல்லது மீனைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார். ஏழு மணிக்குமேல் அடுப்பை விட்டு நகர முடியாது.

முதலில் ஆள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். “நாலோ அஞ்சோ பேர் வருவோம்” என்பது எண்ணிக்கை ஆகாது. ஒருமுறை நான்கு பேருக்குச் சொல்லிவிட்டு, புறப்படும் நேரத்தில் வந்த மாமாவையும் மாமியையும் காரில் ஏற்றிச் சென்றேன். எங்களுக்காக எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு களவா மீன் ஆறு தட்டுகளுக்குப் போதவில்லை. பக்கத்து மேசைக்குப் போக வேண்டிய கணவாயில் ஒரு பங்கை அவர் எங்களுக்குத் திருப்பினார். எங்கள் பசி ஆறியது, ஆனால் அந்த மேசைக்காரர்கள் கேட்டு வந்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆள் கூடினாலும் குறைந்தாலும் அன்று காலை ஏழு மணிக்கு முன் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்து பயன் இல்லை.

இரண்டாவதாக, சாப்பிடக் கூடாதவற்றைச் சொல்லுங்கள். இறால், நண்டு, சிப்பி ஒவ்வாமை இருப்பவர் ஒருவர் இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். இறால் தலையையும் ஓட்டையும் கொதிக்க வைத்து எடுத்த சாறுதான் பல பாஸ்தாக்களுக்கும் ரிசோட்டோ என்னும் அரிசி உணவுக்கும் அடிப்படை. தட்டில் இறால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாற்றில் இருக்கும். உட்கார்ந்த பிறகு சொன்னால், காலையிலேயே காய்ச்சி வைத்த சாற்றை அவர் மாற்ற முடியாது.

மூன்றாவது, வீட்டு வழக்கம் சார்ந்த விலக்குகள். சிப்பி, மட்டி, மீன் ஆகியவற்றை வேகவைக்கையில் வெள்ளை ஒயின் ஊற்றுவது இத்தாலியச் சமையலில் அன்றாடம். கொதித்தபின் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பகுதி தங்கிவிடும். ஆகவே மதுவை அறவே தவிர்ப்பவர்கள் இருந்தால், ஒயினுக்குப் பதிலாக மீன் சாறும் எலுமிச்சையும் போதும் என்று முன்பே கேளுங்கள். பன்றியிறைச்சி விலக்கு உள்ளவர்களும் சொல்ல வேண்டும், ஏனெனில் சிப்பியோடும் கணவாயோடும் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பைச் சிறு துண்டுகளாகச் சேர்க்கும் பழக்கம் உண்டு. சைவம் சாப்பிடும் அத்தை ஒருவர் கூட வருகிறார் என்றால், “மீன் போடாமல்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தக்காளிச் சாற்றிலும் கீரையிலும் நெத்தோலி கரைத்துச் சேர்ப்பார்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறைய வைக்கப்படுவது. அத்தைக்கு இரண்டும் ஆகாது என்பதைப் பெயர் சொல்லியே தெரிவியுங்கள்.

கடைசியாகத்தான் விருப்பம். “முழு மீன் ஒன்று வேண்டும், தூண்டில் மீன் கிடைத்தால் நல்லது” என்று சொல்லலாம். ஆனால் “நெய்மீன்தான் வேண்டும்” என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஏலத்தில் அன்று நெய்மீன் மோசமாக இருந்தால், உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் அதையே வாங்க நேரும்.

3. செல்லும் நாளில் வயிற்றையும் கடிகாரத்தையும் கவனியுங்கள்

மதியம் வழக்கமான சோறும் மீன்கறியும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாதி அளவாகச் சாப்பிடுங்கள். வழியில் வண்டியை நிறுத்திப் பழம்பொரியும் சாயாவும் எடுப்பது நம் பயணங்களின் பகுதி என்றாலும், அன்று ஒருநாள் அதைத் தவிருங்கள். எண்ணெயில் பொரித்த இனிப்பு வயிற்றில் இருக்கும்போது, உப்பும் எலுமிச்சையும் மட்டும் தடவிய மீனின் சுவை நாக்கில் ஏறாது.

நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ கிளம்புபவர்கள் பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலுக்கு அரைமணி நேரம் சேர்த்துக் கணக்கிடுங்கள். பூவார் வழியாகக் கடலோரச் சாலையிலும் செல்லலாம், ஆனால் ஊர்களுக்குள் குறுகலான சாலை. எட்டு மணிக்கு மேசை என்றால் ஏழே முக்காலுக்கு வாசலில் இருங்கள். நீங்கள் அரைமணி தாமதித்தால், உங்களுக்குப் பின் வந்தவர்களின் மீனும் உங்கள் மீனும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்பைக் கேட்கும். இரண்டில் ஒன்று கெடும்.

சாப்பாடு முடிய இரண்டு மணி நேரம் ஆகலாம். சர்க்கரை நோய்க்கு உணவுக்கு முன் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள், இப்படி இழுத்துச் சாப்பிடும் நாளில் எப்போது எடுப்பது என்று தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். காரில் வரும்போதே மருந்தை எடுத்துவிட்டு, முதல் தட்டுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து மயக்க நிலைக்குப் போன ஒருவரை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

4. அட்டையைத் திறப்பதற்கு முன் மீனைக் கேளுங்கள்

உட்கார்ந்ததும் உணவுப் பட்டியல் அட்டை வரும். அதைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, “இன்று என்ன மீன் வந்திருக்கிறது? காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். சிறிய இடங்களில் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, அன்றைய மீனை மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். நம் கண்ணுக்கு இருக்கும் பயிற்சி இங்கேதான் உதவும். கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்திய குழி நிரம்புகிறதா என்று சந்தையில் பார்ப்பதையே பார்க்கலாம். ஆனால் தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பெயர்களில் குழப்பம் வரும். அட்டையில் பிரான்சினோ என்று இருந்தால், இத்தாலியில் அது மத்தியதரைக் கடலின் ஒரு மீன். இங்கே அதன் இடத்தில் பெரும்பாலும் கொடுவா வரும். த்ரில்யா என்பது நம் நவரையின் குடும்பம். வோங்கோலே என்பது மட்டி, கோஸ்ஸே என்பது சிப்பி, கலமாரி என்பது ஊசிக்கணவாய், செப்பியா என்பது ஓட்டுக்கணவாய், அலிச்சி என்பது நெத்தோலி இனம். இந்த ஏழு பெயர்களையும் தெரிந்துகொண்டால் அட்டையில் முக்கால் பங்கு புரிந்துவிடும். பரிமாறுபவர் மலையாளத்திலோ தமிழிலோ மீனின் பெயரைச் சொல்வார், ஆகவே தயங்காமல் “நம் ஊரில் இதற்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள்.

அடுத்து விலை. முழு மீன் எடையின்படி விற்கப்படும். இத்தாலியில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். அந்த வழக்கத்தைப் பின்பற்றும் உணவகத்தில் அட்டையில் இருக்கும் எண்ணை முழு மீனுக்கான விலை என்று நினைத்துவிட்டுப் பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. எடை சமைப்பதற்கு முன், குடலும் தலையும் சேர்த்துப் போடுவது. ஒரு கிலோ மீனில் தலை, முள், குடல் போக ஏறக்குறைய பாதிதான் சதையாகத் தேறும். ஆகவே மூன்று கேள்விகள்: விலை எந்த எடைக்கு, இந்த மீன் எவ்வளவு நிற்கிறது, மொத்தம் எவ்வளவு வரும். இதைக் கேட்பது அநாகரிகம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் கூச்சப்படுகிறார்கள். கரையில் ஏலத்தில் நின்று வாங்கி வந்தவருக்கு விலை கேட்பது இயல்பான பேச்சு.

5. உணவின் வரிசையைப் புரிந்துகொண்டு சொல்லுங்கள்

நமக்கு இலை போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். இத்தாலிய உணவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். முந்தைய தட்டை எடுத்த பிறகே அடுத்தது வரும். முதலில் ஆன்டிபாஸ்டோ என்னும் சிறு தொடக்கம். பிறகு பிரிமோ, அதாவது பாஸ்தா அல்லது ரிசோட்டோ. அதற்குப் பின் செகோண்டோ, அதாவது முழு மீன் அல்லது பெரிய துண்டு. அதன் பக்கத்தில் கோண்டோர்னோ என்னும் காய்கறி, தனியாகக் கேட்டால் மட்டும் வரும். முடிவில் இனிப்பும் காப்பியும்.

மீனுக்கு முன்னால் பாஸ்தா வருவதால், அதையே முழுச் சாப்பாடாக எண்ணி, பெரிய தட்டாகக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. இத்தாலியில் பிரிமோவாகப் பரிமாறும்போது ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் உலர்ந்த பாஸ்தாதான் கணக்கு. அது சிறியதாக இருப்பது சிக்கனத்தால் ஆனதில்லை; அடுத்து மீன் வருகிறது என்பதால்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான் சொல்லும் அளவு இது: நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ள இரண்டு தொடக்கம், இரண்டு பிரிமோ, ஒன்றரைக் கிலோ அளவில் ஒரு முழு மீன், ஒரு காய்கறி. பகிர்ந்து சாப்பிடப் போகிறோம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாஸ்தாவை அடுப்பிலிருந்து இறக்கும்போதே இரண்டு தட்டாகப் பிரித்துத் தருவார்கள். மேசைக்கு வந்தபின் நீங்கள் கரண்டியால் பிரித்தால், முதல் பங்கு சூடாகவும் கடைசிப் பங்கு ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

முழு உணவையும் ஒரே தடவையில் சொல்லிவிடுவது நல்லது. இத்தாலியில் சில இடங்களில் இனிப்பைத் தவிர மற்றவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்வார்கள். ஒரே ஆள் சமைக்கும் அடுக்களையில் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. முழு மீனை உப்பு மூடி அடுப்பில் வைக்க அரைமணிக்குமேல் ஆகும். நீங்கள் பாஸ்தா சாப்பிட்டு முடித்தபின் மீனைச் சொன்னால், அந்த நேரம் முழுவதும் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் வரும் ரொட்டியைப் பற்றியும் ஒரு சொல். அது பசிக்காக வைப்பதில்லை. சாற்றைத் துடைத்துச் சாப்பிடுவதற்காக வைப்பது. மீன்கறியை மரச்சீனிக் கிழங்கால் துடைத்து எடுப்போமே, அதே வேலைதான். ஒருவர் ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், சிப்பித் தட்டின் அடியில் நிற்கும் சாறுக்கு அது தேவைப்படும்.

6. பச்சையாக வரும் மீனில் தயக்கம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்

குரூதோ என்ற பெயரில் மெல்லியதாக அரிந்த பச்சை மீன், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் தெளித்து வரலாம். பச்சை மீனில் உயிருள்ள புழுக்கள் இருக்கக்கூடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பச்சையாகப் பரிமாறும் கடல்மீனை உள்வரை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும். “இன்று காலை பிடித்தது, அதனால் பாதுகாப்பு” என்ற வாதம் இங்கே செல்லாது. எலுமிச்சைச் சாறும் புழுவைக் கொல்லாது. “உறைய வைத்தீர்களா, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில்?” என்று நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் எந்தப் பதில் வந்தாலும் இதைத் தொட வேண்டாம். உறைய வைப்பது புழுவைக் கொல்லும், எல்லாக் கிருமிகளையும் கொல்லாது.

7. பாஸ்தாவிலும் ரிசோட்டோவிலும் நம் பழக்கத்தைத் திணிக்காதீர்கள்

பாஸ்தாவின் நடுவில் பல்லுக்குச் சற்றுத் தடை இருப்பதுதான் அவர்கள் விரும்பும் பதம். “இன்னும் கொஞ்சம் வேக வையுங்கள்” என்று திருப்பி அனுப்பினால், சாற்றை ஏற்கெனவே உறிஞ்சிய பாஸ்தா குழைந்து களியாகும். மென்மையாக வேண்டும் என்ற முதியவர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பத்து நிமிடத்தை இரண்டு நிமிடம் கூட்டுவது அவருக்கு எளிது.

மீன், சிப்பி சேர்ந்த பாஸ்தாவுக்குத் துருவிய பாலாடைக்கட்டி கேட்பது இன்னொரு தவறு. கட்டியின் உப்பும் கொழுப்பும் மட்டியின் மெல்லிய கடல்மணத்தை மூடிவிடுகின்றன. அவர் கொடுக்க மறுத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் பால் பாயசத்தில் புளி கேட்டால் எப்படியிருக்குமோ அப்படி அவருக்கு. தக்காளி சாஸ் புட்டிக்கும் இதே பதில்.

எங்கள் சித்தி முதல் கவளத்திலேயே, “மக்ளே, இதுல காரமும் இல்ல, புளியும் இல்லியே” என்று என்னிடம் முணுமுணுத்தார். நியாயமான குறைதான். தேங்காயும் குடம்புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு மீனைச் சுற்றி ஒரு பெரிய சுவையை எழுப்புகிறது; இங்கே பூண்டு, பார்ஸ்லிக் கீரை, ஆலிவ் எண்ணெய், உப்பு என்று நாலைந்து பொருள்களோடு நிறுத்திக்கொண்டு மீனையே பேச விடுகிறார்கள். காரம் வேண்டுமானால் பெப்பெரொன்சீனோ என்னும் உலர்ந்த மிளகாயைக் கேளுங்கள். அது தென் இத்தாலியில் வழக்கமாகப் போடுவதுதான், ஆகவே அவர் மனம் கோணாது. சித்திக்கு இரண்டாவது தட்டிலிருந்து அப்படித்தான் வந்தது.

மட்டி பாஸ்தாவில் சதையை ஓட்டிலிருந்து முள்கரண்டியால் எடுக்கலாம், வெறும் ஓட்டை இடுக்கிபோலப் பிடித்தும் எடுக்கலாம். ஓடுகளுக்குத் தனிக் கிண்ணம் வைப்பார்கள்; வைக்காவிட்டால் கேளுங்கள். வெந்தும் வாய் திறக்காத சிப்பியையும் மட்டியையும் பலமாகப் பிளந்து சாப்பிட வேண்டாம், ஓரமாக ஒதுக்குங்கள்.

ரிசோட்டோ கேட்டால் அரிசியை அப்போதுதான் அடுப்பில் வைத்து, சாற்றைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுவார்கள். 18 நிமிடம் அளவில் ஆகும், அந்நேரம் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதனால்தான் குறைந்தது இரண்டு பேருக்கு என்று அட்டையில் எழுதுகிறார்கள். தட்டு வந்ததும் உடனே சாப்பிடுங்கள். கணவாய் மையில் செய்த கருப்பு ரிசோட்டோவைப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஐந்து நிமிடம் படம் எடுத்தால் அலைபோல் பரவ வேண்டியது கட்டியாக நின்றுவிடும்.

8. முழு மீனைப் பிரிக்கும் முறை

முழு மீன் நான்கு விதங்களில் வரலாம். கரியில் சுட்டு வருவது எளியது. உப்பைக் கெட்டியாக அப்பிச் சுட்டதில் மேலோட்டை உடைத்தால் உள்ளே சதை தன் நீரிலேயே வெந்திருக்கும். தோலோடு உப்பையும் நீக்கிவிட வேண்டும், சதையில் உப்பு அளவாகவே ஏறியிருக்கும். காகிதத்தில் பொதிந்து சுடும் கார்டோச்சோ, வாழையிலையில் பொதிந்து சுடும் மீன் பொள்ளிச்சதற்கு உறவு. அக்குவா பாட்சா என்பது நேப்பிள்ஸ் பகுதி மீனவர் முறை. சிறு தக்காளியும் பூண்டும் போட்ட தெளிந்த நீரில் மீனை வேகவைப்பது. முதன்முறை செல்பவர்களுக்கு நான் இந்தக் கடைசி வகையைத்தான் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் சாறு இருப்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது.

பரிமாறுபவரே முள் எடுத்துத் தருவார், வேண்டும் என்றால் மட்டும். நீங்களே செய்வதானால் கையால் பிய்க்கத் தொடங்காதீர்கள். முதலில் முதுகுத் துடுப்பையும் அதை ஒட்டிய சிறு முட்களையும் இழுத்து நீக்குங்கள். தலைக்குப் பின்னும் வாலுக்கு முன்னும் குறுக்கே ஒரு கீறல். பிறகு உடலின் நடுவில் ஓடும் கோட்டைத் தலையிலிருந்து வால்வரை கரண்டியால் பிளந்து, மேல் பாதியை முதுகுப்பக்கமும் கீழ் பாதியை வயிற்றுப்பக்கமும் தள்ளுங்கள். நடுமுள் முழுதாகத் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கினால் தலைவரை ஒன்றாக வரும். அடிப்பக்கச் சதை அப்படியே கிடக்கும். மீனைத் திருப்பிப் போட்டால் முட்கள் உடைந்து சதையில் கலந்துவிடும், ஆகவே திருப்பாதீர்கள். வயிற்றோரத்து விலா முட்களை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் தடவிப் பாருங்கள்.

பரிமாறுபவர் முள் எடுத்துத் தரும்போது தலையையும் எலும்பையும் ஒரு பக்கத் தட்டில் வைத்துக் கொண்டுபோவது வழக்கம். தலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கன்னத்துச் சதையின் அருமை அவருக்கும் தெரியும். கேட்பவரைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு திருப்பித் தருவார். தலையைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதில் தவறில்லை, விரல் கழுவ எலுமிச்சை போட்ட நீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

9. குடிப்பதும் முடிப்பதும்

சிறிய உணவகங்கள் பலவற்றுக்கு ஒயின் விற்க உரிமம் இருக்காது. நீங்களாகப் புட்டியைக் கொண்டுபோய்த் திறக்காதீர்கள். உரிமம் இல்லாத இடத்தில் குடித்தால் சட்டச் சிக்கல் அவருக்கு வரும். எலுமிச்சை பிழிந்த சோடாவே இந்த மீனுக்குப் போதும்.

பால் சேர்த்த கப்புச்சினோவை இத்தாலியர்கள் காலையோடு நிறுத்திவிடுவார்கள். கனத்த உணவின்மேல் பால் செரிக்காது என்பது அவர்கள் கருத்து. நமக்குப் பால் காப்பி பழக்கம் என்பதால் கேட்டால் கொடுப்பார்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

பில் வந்ததும் மீனின் எடையை முன்பு சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான உணவகங்களில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி இருக்கும். சேவைக் கட்டணம் என்று தனியே சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி வேண்டாம் என்று சொல்லலாம். ஆயினும் பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால், அவர் கையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

எழுந்ததும் உடனே அடுக்களை வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பிக்காதீர்கள், மற்ற மேசைகளின் பாஸ்தா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். கடைசித் தட்டு வெளியே வந்தபின் அவரே வருவார். அப்போது எந்தத் தட்டு பிடித்தது, எதை மிச்சம் வைத்தீர்கள், ஏன் என்று இரண்டையும் சொல்லுங்கள். சிப்பிக் காலம் எந்த வாரம் தொடங்கும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு அந்த வாரத்தில் இருக்கட்டும்.